நியூயார்க் தெரிகிறது, காந்திநிகேதன் தெரியவில்லை

போன மே மாத விடுமுறைக்குப் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். "எந்நேரமும் அதையே பாத்துக்கிட்டிருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று என் வழக்கமான பல்லவியை எடுத்தேன்.

"கேம் இல்ல தாத்தா. இங்க வந்து பாருங்களேன்" என்றான்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். வான்கோ வரைந்த 'நட்சத்திர இரவு' ஓவியம். அசல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. பையன் இரண்டு விரலை வைத்து விரித்தான். படம் பெரிதானது. இன்னும் விரித்தான். கடைசியில் சாயம் தடித்து மேடு தட்டியிருப்பதும், தூரிகை போன தடமும் தெரிந்தன. நேரில் போனாலும் அவ்வளவு கிட்டே நம்மை நிற்க விடமாட்டார்கள்.

நான் 34 வருடம் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்தவன். 2009-ல் ஓய்வு பெற்றேன். என்னிடம் இருந்த கருவிகள் ஒரு சுண்ணாம்புக் கட்டி, துணியில் ஒட்டிய இந்திய வரைபடம், கொஞ்சம் குரல். சித்தன்னவாசல் தாமரைக் குளம் என்று அந்தக் காலப் புத்தகத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதில் தாமரை எது, மீன் எது, பூப்பறிக்கிறவர் யார் என்று எனக்கே தெரியாது. "இது தாமரை" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஆகவே இந்தக் கைப்பேசிக் கல்வியைப் பழித்து ஒரு பதிவு எழுதப்போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். நம் வயதுக்காரர்கள் காலை நடையில் கூடி "போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது" என்று பேசுவதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு.

முதலில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு முத்திரை, அதுதான் கியூஆர் கோடு. கைப்பேசியைக் காட்டினால் திக்ஷா என்ற தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். சமூக அறிவியல் பாடங்களின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. இந்தத் தளத்துக்குப் போ, இதைச் சொடுக்கு, இதைப் பார் என்று படிப்படியாகச் சொல்லும். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 2001-ல், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருப்பது நம்முடையது. அதன் பண்பாட்டுக் காட்சியகத்தில் கோயில்களையும் கலைகளையும் பார்க்கலாம். அதன் மின்நூலகத்தில் நான் மாணவனாக இருந்த காலத்தில் மதுரைக்குப் போய்ப் புரட்டினாலும் கிடைக்காத புத்தகங்கள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. ராத்திரி தூக்கம் வராதபோது எனக்கு அதுதான் துணை.

பேரன் காட்டியது கூகுள் நிறுவனத்தின் கலைத் தளம். 2011-ல் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கி, இப்போது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை பார்க்கிற வகை. காட்டும், நாம் பார்க்கலாம். இன்னொரு வகை, பிள்ளையையே உள்ளே இழுத்துப் போட்டு 'இப்போது நீ என்ன செய்வாய்?' என்று கேட்கும். அதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் நம்மைப் போல ஓய்வு பெற்ற ஒருவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். சாண்ட்ரா டே ஓ'கானர். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1981-ல் பதவியேற்று 2006-ல் ஓய்வு பெற்றார். தம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்றே தெரியவில்லையே என்ற கவலையில் 2009-ல், தமது 79-ஆவது வயதில், ஐசிவிக்ஸ் என்ற தளத்தை ஆரம்பித்தார். நாமெல்லாம் அந்த வயதில் மாத்திரை டப்பாவில் திங்கள் செவ்வாய் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதில் ஒரு விளையாட்டில் பிள்ளை ஒரு வக்கீல் அலுவலகம் நடத்த வேண்டும். ஆட்கள் வந்து தங்கள் குறையைச் சொல்வார்கள். இது அரசியல் சட்டம் தந்த உரிமையா, இல்லையா, ஆமென்றால் எந்த உரிமை என்று பிள்ளை முடிவு செய்ய வேண்டும். தப்பாகச் சொன்னால் வழக்கு தோற்கும். அடிப்படை உரிமைகள் ஆறு என்று நான் பல வருடம் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். எத்தனை பேருக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது அந்த ஆறில் ஒன்று ஞாபகம் வந்திருக்கும்?

நம்மிடம் இதற்குச் சரக்கு இல்லாமல் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலம், பொதுக்காலம் 919, 921. குடவோலை முறை. "ஆயிரம் வருடத்துக்கு முன்பே நமக்கு ஜனநாயகம்" என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்க இது ஒன்று போதும். நானும் அப்படித்தான் நடத்தினேன். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தகுதிகள் இருக்கின்றன. வயது 35-க்குமேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் கால் வேலி நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவுக்காரரும் கூடாது. பிறகு 30 குடும்புகளிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது.

இதை ஒரு விளையாட்டாகச் செய்தால் எப்படி இருக்கும்? பிள்ளை முதலில் தானாகவே ஒரு ஆளாக உள்ளே போகட்டும். பெயர், குலம், ஆணா பெண்ணா, நிலம் எவ்வளவு என்று சொல்லட்டும். குடத்தில் ஓலை போடக் கையை நீட்டும்போது "நிலமில்லை, வெளியே போ" என்று சொல்லட்டும். அடுத்த பிள்ளைக்கு "பெண், வெளியே போ". வகுப்பில் 40 பேர் என்றால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கணக்குக் காட்டாதவனை ஒதுக்கிய அந்தச் சபையின் நேர்மையும் தெரியும், அது யாருடைய சபை என்பதும் தெரியும். நான் நடத்தியபோது முதல் பாதி மட்டும்தான் தெரிந்தது. பரீட்சைக் கேள்விக்கு அது போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நம் மாவட்டத்திலேயே நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு பத்து வருடம் அங்கே என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா நடக்கும். தேர்தல் ஆணையம் மறுபடி மறுபடி தேதி அறிவிக்கும். மேலவளவில் 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பத்து வருடமும் நான் வகுப்பில் 'உள்ளாட்சி அமைப்புகள்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24, இடஒதுக்கீடு உண்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். எல்லாம் சொன்னேன். பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் அந்தச் சட்டம் பத்து வருடமாகத் திணறிக்கொண்டிருக்கிறது என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பேசினால் சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வருவார்கள் என்ற பயம் இருந்தது. ஒருநாள் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்ப பாப்பாபட்டியில ஏன் சார் எலெக்சன் நடக்கல?" என்று கேட்டான். "அது சிலபஸ்ல இல்லடா, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

வேடிக்கை பாருங்கள். 2006-ல் அந்தத் தேர்தல் நடந்தபோது மதுரை ஆட்சியராக இருந்தவர் உதயச்சந்திரன். 2017-ல் அவரே பள்ளிக்கல்வித் துறைச் செயலாளராக வந்தார், அப்போது தொடங்கிய வேலையில் உருவானவைதான் கியூஆர் கோடு போட்ட புதிய புத்தகங்கள். பிறகு தொல்லியல் துறைக்குப் போனார், 2019-ல் கீழடி அறிக்கை வெளிவந்தது. உள்ளாட்சி, பாடப்புத்தகம், வரலாறு மூன்றும் ஓர் அதிகாரியின் கையில் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. பிள்ளைகளின் திரையில் இந்த மூன்றும் எப்போது ஒன்றாக வரும் என்பதே என் கேள்வி.

பயந்த வாத்தியாருக்கு ஒரு நல்ல இணையதளம் பெரிய துணை. நான் வாய் திறக்கத் தயங்கியதை அது சொல்லும். ஊர்ப் பெரியவர் யாரும் ஒரு இணையதளத்தின் வீட்டுக்கு வந்து "என்ன வாத்தியாரே" என்று கேட்க முடியாது. நம் பக்கத்து நடப்பை வைத்துத் தமிழில் இப்படி ஒன்றைச் செய்து தரச் சொல்லித்தான் நான் கேட்கிறேன். அமெரிக்க விளையாட்டைத் தமிழில் மொழிபெயர்த்துத் தந்தால் அது அமெரிக்க விளையாட்டாகவேதான் இருக்கும்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் பேரனிடம், "நியூயார்க் எல்லாம் காட்டுன, நம்ம காந்திநிகேதனைக் காட்டு பாப்போம்" என்றேன். தட்டினான். வரைபடத்தில் ஒரு புள்ளி வந்தது, சில போட்டோக்கள் வந்தன. அவ்வளவுதான் அவன் கண்ணுக்குப் பட்டது. உள்ளே நுழைந்து பார்க்கவோ, தொட்டுக் கேட்கவோ ஒரு பிள்ளைக்கு அங்கே ஒன்றுமில்லை.

காந்திநிகேதன் ஆசிரமம் 1940-ல் வேங்கடாசலபதி தொடங்கியது. ஜே.சி. குமரப்பா தமது கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர், லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. கோட்டும் சூட்டுமாக இருந்த மனிதர் 1929-ல் சபர்மதிக்குப் போய்க் காந்தியைப் பார்த்ததோடு வாழ்க்கை திரும்பிவிட்டது. 1960 ஜனவரி 30-ல் காலமானார், காந்தி மறைந்த அதே தேதி. இன்று உலகத்தில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்று பேசுகிறவர்கள் அவருடைய நூல்களைத் தேடிப் படிக்கிறார்கள். நான் வகுப்பில் அவரைப் பற்றிச் சொன்னது ஒரு வரி. பிள்ளைகளை ஒருமுறைகூட ஆசிரமத்துக்கு நடத்திக் கூட்டிப் போனதில்லை. இதற்குப் பயம்கூடக் காரணமில்லை, சும்மா தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பது பாடமென்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அவர் சிறையில் இருந்தபோது எழுதிய நூல் 'நிலைத்த பொருளாதாரம்'. அதில் இயற்கையிலிருந்து ஐந்து வகை வாழ்க்கையைக் காட்டுகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி. தான் நடாத மாமரத்தில் பழம் தின்னும் குரங்கு. தானே உழைத்துக் கூடு கட்டும் பறவை. கூட்டமாகச் சேர்த்து வைக்கும் தேனீ. குஞ்சுக்கு ஊட்டும் தாய். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேண்டுமா? நம் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து, யார் புலி, யார் குரங்கு, யார் தேனீ என்று சொல்லச் சொன்னால் போதும். (யார் யாரை எதில் சேர்ப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பெயர் வேண்டாம்.)

தேவன்குறிச்சி மலைக் கோயிலில் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1976-ல் தொல்லியல் துறை நம்மூரில் குழி தோண்டிப் பார்த்தது. கீழடியைப் பற்றிப் பேசாத பிள்ளை இல்லை, நல்லதுதான், 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தைப் போய்ப் பார்த்து நானும் அசந்துபோனேன். ஆனால் காலுக்குக் கீழேயும் மண் இருக்கிறது.

ஓவியத்துக்கு வருகிறேன், இங்கே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வான்கோவைக் காட்டுவது நல்லது. ஆனால் ஓவியம் என்பது பார்ப்பது மட்டும் இல்லையே. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்பயிற்சி போன்றவற்றுக்காக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் இத்தனை வருடமாகப் போராடுவதைப் பேப்பரில் பார்க்கிறோம். இப்படி இருக்கையில், "அதான் ஓவியத்துக்குத் தளம் இருக்கே, டிராயிங் மாஸ்டர் எதுக்கு?" என்று ஒருநாள் யாராவது சொல்லிவிடுவார்களோ என்பது என் பயம். திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம். பையன் கையில் தூரிகையைக் கொடுத்து, தண்ணீர் அதிகம், துடைத்துவிட்டுத் தொடு என்று சொல்ல ஆள் வேண்டும்.

நம் ஏழூர் சப்பரத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு மூங்கிலைக் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, ஆட்கள் தோளில் சுமந்து வருகிறார்கள். அது சாயாமல் நிற்பதில் கணக்கு இருக்கிறது, அந்த ஒட்டு வேலையில் ஓவியம் இருக்கிறது, எந்த ஊர்ச் சப்பரம் எப்படி வரும் என்ற முறையில் வரலாறும் அரசியலும் இருக்கின்றன. கட்டத் தெரிந்த கைகளுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. ஒரு சப்பரம் முதல் மூங்கிலிலிருந்து எப்படி எழுகிறது என்று படிப்படியாகப் படம் எடுத்து, பிள்ளைகள் திரையில் கட்டிப் பார்க்கும்படி செய்யலாம். பார்த்துவிட்டு நாலு பேராவது நிஜ மூங்கிலைத் தொட வருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தளங்களுக்கு ஆயுசு குறைவு. ஃப்ளாஷ் என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதை நம்பி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கல்வி விளையாட்டுகளைச் செய்து வைத்திருந்தார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். அதைச் சார்ந்திருந்த விளையாட்டுகளில் பல ஒரேயடியாகப் படுத்துவிட்டன. ஓய்வு பெற்ற புதிதில் நான் கற்றுக்கொண்டு விளையாடிய ஒரு பிரமிடு கட்டும் விளையாட்டும் அதில் போயிற்று. எகிப்துக்காரன் கட்டியது நிற்கிறது. எனவே யாரோ எங்கோ செய்து தருவதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இப்போது உயர்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்று கணினிகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் செய்" என்று விட்டால் போதும், நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அவர்களுக்குத் தேவை விஷயம். அது நம்மிடம்தான் இருக்கிறது.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பேரனைக் கூட்டிக்கொண்டு ஆசிரமத்துக்கு நடந்தேன். குமரப்பா வாழ்ந்த இடத்தைக் காட்டினேன். புலி, குரங்குக் கதையைச் சொன்னேன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே வந்தவன், "அவரு எப்படிப் பேசுவாரு தாத்தா? இந்த ஊர்க்காரங்ககிட்ட தமிழ்ல பேசுவாரா? சிரிப்பாரா?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, நான் அப்போது இந்த ஊரில் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில், அல்லது உங்கள் வீட்டு மூத்தவர்களில், 1950-களில் ஆசிரமத்தில் அவரைப் பார்த்தவர்கள் யாராவது இருப்பீர்கள். அன்று பத்து வயது என்றால் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். அவரை எங்கே பார்த்தீர்கள், என்ன உடுத்தியிருந்தார், உங்களிடம் ஏதாவது பேசினாரா, எதுவானாலும் சரி. தீபாவளிக்குப் பேரன் வருகிறான். கைப்பேசியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறான். காபி மட்டும் போதும்.